கேமராவில் தெரிந்த தலை

தும்மல் வரப்போகிறது என்று வரவேற்பாளருக்கு அரை நிமிடம் முன்பே தெரிந்துவிட்டது. சாய்வு நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கிளினிக்கில் கொடுத்தனுப்பிய தாளில் பதினேழு கட்டளைகள் இருந்தன. ஆறாவது கட்டளை தும்மலைப் பற்றியது. அடக்கக் கூடாது, மூக்கைப் பொத்தக் கூடாது, வாயை அகலத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். இல்லாவிட்டால் முன்னந்தலையிலும் உச்சியிலும் புதிதாக நட்டிருக்கும் முடிகள் எழும்பி வெளியே வந்துவிடலாம். அவர் வாயைத் திறந்தார். அறுவை முடிந்து அன்றைக்கு நான்காம் நாள். நெற்றியில் சேர்ந்திருந்த நீரெல்லாம் கீழே இறங்கி இரண்டு கண்களையும் வெறும் கோடுகளாக்கியிருந்தது. அந்த முகத்தோடு வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை யாராவது பார்த்திருந்தால், ஏதோ பாட ஆரம்பிக்கப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். தும்மல் வந்தது. பின்மண்டையில் காதிலிருந்து காதுவரை போட்டிருந்த தையல் முழுவதும் ஒரே நேரத்தில் சுண்டி இழுத்தது. வலி கழுத்து வழியாக இறங்கித் தோள்பட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

"போச்சு" என்று கத்தினார். "எல்லாம் போச்சு. இங்க வாயேன்!"

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் பதினோரு வருடமாக அவளுக்கு வேலை. முகம் தெரியாத மனிதர்களின் வாய் அச்சு பெட்டி பெட்டியாக வரும். அதற்கு மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றை லேபில் கேட்டு, இரண்டு வாரத்துக்கென்று வாங்கி வந்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு வந்து, அவர் தலைக்கு நேரே விளக்கைத் திருப்பினாள்.

"பக்கத்து வீட்டுல பிரசவம்னு நினைச்சிடப் போறாங்க. சத்தம் போடாதீங்க."

"ஏதாவது வெளிய வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல. வச்சது வச்ச இடத்துலயே இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"ஊரான் வாயில இருக்கற முப்பத்தி ரெண்டையும் பாக்கறவ. இதப் பாக்க மாட்டேனா?"

உப்புத் தண்ணீர் நிரப்பிய குப்பியை எடுத்து அவர் தலையில் புஸ்ஸென்று அடித்தாள். அரை மணிக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். அது மூன்றாவது கட்டளை. அவள் வேலைக்குப் போனபின் அவரே அடித்துக்கொள்வார், பாதி தலையில் விழும், பாதி சுவரில் விழும். மாத்திரைகளையும் தண்ணீரையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கழுத்துக்குக் கொடுத்திருந்த தலையணையைச் சரிசெய்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். இந்த அறுவை வேண்டாம் என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வலி இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள்தான், ஆனால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்மண்டையில் ஒரு நாடா அகலத்துக்குத் தோலை வெட்டி எடுத்து, இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எடுத்த தோலிலிருந்து முடிகளை வேரோடு பிரித்து முன்னால் நட்டிருந்தார்கள். பின்னால் இழுத்துத் தைத்ததால் மண்டைத்தோல் மொத்தமும் ஓர் அளவு சிறிய சட்டையைப் போலாகிவிட்டது. புருவத்தை உயர்த்தினால் இழுத்தது. கொட்டாவி விட்டால் இழுத்தது. உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மரத்துப்போய் யாருடைய தலையோ என்று இருந்தது. அதன் நடுவில் திடீர் திடீரென்று சுரீரென ஒன்று பாய்ந்தது. குனியவே கூடாது. குனிந்தால் தையல் விரியும். அது முதல் கட்டளை, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். படுக்கவும் கூடாது. சாய்ந்தே உட்கார்ந்து, சாய்ந்தே தூங்கி, நான்கு நாளில் இடுப்பும் தன் பங்குக்குப் பேச ஆரம்பித்திருந்தது.

மாத்திரை இரண்டு மணி நேரம் தாங்கும். அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விடுவார். நான்கு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு அறை. பத்தொன்பது வருடம் முன்மேஜையில் நின்றவர். ஒவ்வோர் அறையின் நோயும் அவருக்குத் தெரியும். நூற்றி ஒன்று, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை. நூற்றி இரண்டு, கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழும். நூற்றி ஏழில் கண்ணாடியைத் தாழ்வாக மாட்டிவிட்டார்கள், உயரமானவர்களுக்குத் தாடை மட்டும்தான் தெரியும். இருநூற்றி நாலில் குழாய் சொட்டும், எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. முந்நூற்றி ஐந்தில் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். தனியாகத் தங்கும் பெண்களுக்கு அந்த அறையைக் கொடுக்க மாட்டார். முந்நூற்றிப் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஒரு தடவை விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வந்த கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தங்கினார்கள். காலையில் பார்த்தால் பன்னிரண்டில் படுக்கை கலையவே இல்லை. இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால், நான்காவது மாடி முடியும்போது எப்படியும் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். பிறகு மறுபடி நூற்றி ஒன்று.

எல்லா அறைகளையும் சுற்றிவிட்டுக் கடைசியாக முன்மேஜைக்கு வருவார். கறுப்புக் கல் பதித்த நீளமான மேஜை. அதற்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றுகொள்வார். அங்கே வலி கொஞ்சம் குறைந்தாற்போல இருக்கும். அந்த இடத்துக்காகத்தானே இவ்வளவும்.

அந்த இடம் போய் நான்கு மாதமாகிவிட்டது. புதிதாக வந்த மேலாளர் நல்ல மனிதர், யாரையும் குரல் உயர்த்திப் பேசாதவர். ஒரு நாள் மதியம் வரவேற்பாளரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, மேஜை மேலிருந்த திரையை அவர் பக்கம் திருப்பினார். வாசற்கதவுக்கு மேலே உயரத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அது முன்மேஜையை நேராகப் பார்க்கும். அதில் பதிந்த ஐந்து நிமிடக் காட்சி ஓடியது. "நீங்களே பாருங்க சார், கெஸ்ட் முன்னாடி நீங்க எப்படி இருக்கீங்கன்னு" என்றார் மேலாளர். வரவேற்பாளர் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு மண்டை. சுற்றிலும் அரைவட்டமாகக் கொஞ்சம் முடி. பக்கத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணின் முகம், கண், காதுத்தோடு எல்லாம் தெளிவாகத் தெரிய, இந்தப் பக்கம் அந்த மண்டை மட்டும் ஐந்து நிமிடமும் மின்னிக்கொண்டிருந்தது. தன் உச்சந்தலையை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? முகம் சூடாகிவிட்டது. மேலாளர் மேற்கொண்டு ஏதோ சொன்னார், எதுவும் ஏறவில்லை. "புரியுதுங்க சார்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். மறுநாளிலிருந்து அவருக்கு முன்பதிவு அறை. சலவைத் துணி மூட்டைகள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு கணினி. அங்கே உட்கார்ந்து நான்கு மாதம் யோசித்தார். முடி வந்துவிட்டால் மறுபடி முன்மேஜை. அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஏழாம் நாள் கேப்டன் வந்தார். ஹோட்டல் வாசலில் கதவைத் திறந்துவிடுவதும் பெட்டிகளை அறைக்குக் கொண்டுபோவதும் அவர் வேலை. கப்பல் அதிகாரி மாதிரி தொப்பியும் தங்கக் கரை போட்ட கோட்டும் கொடுத்திருந்ததால் கேப்டன் என்று பெயராகிவிட்டது, சொந்தப் பெயர் சம்பளப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. குடும்ப விஷயம் என்று சொல்லி வரவேற்பாளர் பதினெட்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார். யாருக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு மதிய நேரத்தில் வந்து கதவைத் தட்டினார் கேப்டன். அன்று மனைவிக்கு விடுமுறை, அவள்தான் திறந்தாள். உள்ளே நுழைந்த கேப்டன், பொருக்கு தட்டிச் சிவந்து கிடந்த தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது? கீழ விழுந்துட்டீங்களா?"

"இல்லண்ணே. முடி வச்சிருக்கேன்."

"எங்க?"

வரவேற்பாளர் விரலால் காட்டினார். கேப்டன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. வழுவழுவென்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"வலிக்குதா?"

"பேசினா வலிக்குது. பேசாம இருந்தாலும் வலிக்குது."

"எதுக்குத் தம்பி இந்தக் கூத்து, இந்த வயசுல?"

வரவேற்பாளர் சொன்னார். கேமராவில் தெரிந்த மண்டையைப் பற்றி, திரையைத் திருப்பி வைத்த மேலாளரைப் பற்றி, நான்கு மாதம் யோசித்ததைப் பற்றி. முடி ஆறு மாதத்தில் முளைத்துவிடும், ஆனால் விடுப்பு முடிந்து போனவுடனேயே மேலாளரிடம் தலையைக் காட்டிச் சொல்லிவைத்துவிட வேண்டும், இடத்தை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிடாமல் இருக்க. வீங்கிய முகத்தில் முதல் தடவையாக ஓர் உற்சாகம்கூட வந்தது. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி உள்ளே போய்விட்டாள்.

கேப்டன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அந்தக் காட்சிய நானும் பாத்தேன்" என்றார்.

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"எல்லாரும் பாத்தோம் தம்பி. நீங்க உள்ள போனதுக்கு மறுவாரம் மேனேஜர் எங்க எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டினாரு. பேரு சொல்லல. முகம்தான் தெரியலையே, அந்த மனுஷன் கௌரவமாத்தான் நடந்துக்கிட்டாரு. ஆனா உங்க தலை எங்களுக்குத் தெரியாதா?"

"முடிய வச்சுக் கேலி பண்ணினாரா?"

"முடியா?" கேப்டன் தன் மண்டையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். "இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் வாசல்ல நிக்கறேன். என்னை யாராவது உள்ள போன்னு சொன்னாங்களா? அது முடி இல்ல தம்பி. நீங்க தலையையே தூக்கல. அஞ்சு நிமிஷமும் தூக்கல. அதனாலதான் உங்க மண்டை மட்டும் தெரியுது. தூக்கியிருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும்ல? அதைத்தான் அவரு காட்டினாரு."

வரவேற்பாளர் உப்புத் தண்ணீர்க் குப்பியை எடுத்து, அடிக்காமலே திரும்ப வைத்தார்.

"ஒரு சின்னப் பொண்ணு, நாலு வயசு இருக்கும். கையில இருந்த பொம்மைய உங்களுக்குக் காட்டணும்னு மேஜைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. நீங்க பேப்பர்ல எழுதறீங்க, சாவிக் கார்டு எடுக்கறீங்க, குடுக்கறீங்க. அது பிடிச்ச கைய எறக்கல. கடைசியில அவங்கம்மாதான் கைய எறக்கிவிட்டாங்க. அப்படிப் பல பேரு எழுதிப் போட்டிருக்காங்களாம், இங்க நிக்கற ஆளு நம்மளப் பாக்கறதே இல்லைன்னு. நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடதும்தான்."

ஆரஞ்சுப் பழத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார் கேப்டன். பிறகு, வந்ததற்கு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "முடி வந்தா அழகாத்தான் இருக்கும்" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பொம்மையா? வரவேற்பாளருக்கு எந்தப் பொம்மையும் ஞாபகம் இல்லை. அந்தத் திரையில் தன் மண்டைக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் கண்ணில் அது படவே இல்லை. முன்மேஜையிலும் படவில்லை, திரையிலும் படவில்லை. எப்போதிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் எந்த வருடம்? துக்கம் எதுவும் நடந்துவிடவில்லை. யார் மீதும் கோபம் இல்லை. வேலை பிடிக்காமல் போகவும் இல்லை. அந்த இடத்தை நினைத்துக்கொண்டால்தானே வலியே குறைகிறது. காரணம் என்று ஒன்றிருந்தால் அதைச் சரிசெய்யலாம். தேடத் தேட ஒன்றுமே அகப்படவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் மனைவி தண்ணீர் அடிக்க வந்தபோது கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"நான் யாரையும் நிமிந்து பாக்கறதில்லைன்னு."

அவள் குப்பியைக் குலுக்கினாள். "நான் பாக்கறது வாயைத்தாங்க. செட் கட்டும்போது மெழுகுல ஒரு கோடு போட்டு அனுப்புவாங்க, அந்த ஆளு சிரிச்சா மேலுதடு எதுவரைக்கும் ஏறும்னு. அதை வச்சுத்தான் பல்லு எவ்வளவு தெரியணும்னு முடிவு பண்ணுவோம். கல்யாணமான புதுசுல உங்களுக்கு எதுவரைக்கும் ஏறும்னு எனக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும். இப்ப கோடு போடச் சொன்னா போட முடியாது."

"எவ்வளவு நாளா?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்களா?"

தண்ணீர் நெற்றியில் வழிந்து வீங்கிய இமை மேல் நின்றது. அவள் அதைத் துணியின் ஓரத்தால் ஒற்றி எடுத்தாள். மேஜை மேல் கிளினிக்காரர்கள் கொடுத்த விளம்பரப் புத்தகம் கிடந்தது, பக்கத்துக்கு இரண்டு படமாக, செய்வதற்கு முன், செய்ததற்குப் பின். அதை எடுத்து அவர் மடியில் விரித்துப் போட்டாள். "இதை அன்னைக்கே பாத்தேன். முத படத்துல எல்லாரும் உம்முன்னு தலையக் குனிஞ்சு நிக்கறாங்க. ரெண்டாவது படத்துல எல்லாரும் பல்லக் காட்டறாங்க. நானா இருந்தா அதுக்கு டாக்டர் எதுக்குன்னு கேப்பேன்" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தையல் நன்றாக ஆறிவருவதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஹோட்டலுக்குப் போகும் அந்த வழியும் அடைபட்டுப்போனது. கண்ணை மூடி நூற்றி ஒன்றைத் திறந்தால் படுக்கையில் யாரோ உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றி இரண்டிலும் அப்படியே. இருநூற்றி நாலில் குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண், கையில் பையோடு, அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் வந்துபோனவர்கள் எத்தனை ஆயிரம் பேர். குழாயும் பூட்டும் அலமாரியும் ஞாபகம் இருக்கிறதே தவிர, அத்தனை பேரில் ஒரு முகத்தைக்கூட அவரால் முழுதாகக் கொண்டுவர முடியவில்லை. இரண்டாம் மாடியைத் தாண்ட முடியாமல் கண்ணைத் திறந்துவிடுவார். திறந்தால் வலி எதிரே உட்கார்ந்திருக்கும். மாத்திரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். நடுவில் மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, கொஞ்சம் மிச்சம் இருந்தா எனக்கும் எடுத்து வைங்க, என்னுது கிரவுண்டு மாதிரி ஆயிடுச்சு" என்றான். அதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. முயன்றார். கன்னம் மேலே ஏறியதும் காதுக்குப் பின்னால் தையல் முடியும் இடத்தில் வெட்டி இழுத்தது. "வைக்கறேன்பா" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். பிரித்தால் வலி போய்விடும் என்று நம்பியிருந்தார்; போகவில்லை. கிளினிக்கில் இருந்த பெண் தன்மையாகப் பேசினாள். சிலருக்கு நரம்பு அடங்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் வலி நிரந்தரமாகத் தங்கியும் விடும், இதெல்லாம் நார்மல்தான் என்றாள். நட்ட முடியெல்லாம் இன்னும் சில நாளில் கொட்டும், அதுவும் நார்மல், வேர் உள்ளே இருக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். "சிரிச்சா வலிக்குதும்மா" என்றார் வரவேற்பாளர். அவள் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு அழகாகச் சிரித்தாள்.

விடுப்பில் மிச்சமிருந்த நாட்களில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினார். மனைவி வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, தலையை நேராக வைத்து, எதிரே ஒருவர் பெட்டியோடு வந்து நிற்பதாக நினைத்துக்கொள்வார். தலையை நிமிர்த்துவது இப்போது சிரமமே இல்லை. குனிந்தால்தான் உயிர் போகிறது. இதை நினைத்தபோது ஒரு கசப்பான வேடிக்கை தோன்றியது. உதட்டை உயர்த்துவதுதான் முடியவில்லை. கொஞ்சம் ஏற்றினால் காதுக்குப் பின்னால் இழுக்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் உச்சியில் சுரீரென்று பாய்ந்து கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டார். பற்களைப் பார்த்து, மனைவி சொன்ன அந்தக் கோடு எங்கே இருந்திருக்கும் என்று விரல் வைத்துத் தேடினார்.

பத்தொன்பதாம் நாள் காலை, வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேருந்தில் நின்றுகொண்டே போய், நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்தார். தலையில் மென்மையான துணித்தொப்பி. அதைக் கழற்றவில்லை. முடியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது சார்" என்றார். "அந்தக் காட்சிய நான் சரியாப் பாக்கல. ஒரு காலை மட்டும் முன்னாடி நிக்க விடுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்." மேலாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். "நில்லுங்க சார். எனக்கும் அதுதான் ஆசை" என்றார்.

கறுப்புக் கல் மேஜை. அவர் இடம். பயிற்சிக்கு வந்த பெண் இப்போது நிரந்தரமாகியிருந்தாள். "வாங்க சார்" என்று நகர்ந்து இடம் விட்டாள். துணித்தொப்பியோடு விருந்தினர் முன் நிற்கக் கூடாது என்பதால் அதைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தார். பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாகத் தலை. அதில் குட்டையாக, வரிசை வரிசையாக முடி. வாசலில் நின்ற கேப்டன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வரவேற்பாளர் நிமிர்ந்து, கதவுக்கு மேலிருந்த கேமராவை ஒரு தடவை நேராகப் பார்த்தார். மாத்திரை போட்டு ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

பத்து நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு கேப்டன் கதவைத் திறக்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். வரவேற்பாளர் அவர் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பயணக் களைப்பு. நல்ல மனிதர் போலிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் முகம் இதுதானோ என்று தோன்றியது. "வணக்கம் சார். வாங்க" என்றார். உதட்டை உயர்த்தினார். காதுக்குப் பின்னால் இழுத்தது, விடவில்லை. இன்னும் உயர்த்தினார். கண்ணாடி முன் ஒருபோதும் எட்டாத உயரம். உச்சியில் சுரீரென்று பாய்ந்தது, நெற்றி சுருங்கியது, இரண்டு கண்களும் நிறைந்து ஒரு துளி கன்னத்தில் இறங்கியது. அவர் சிரிப்பை இறக்கவில்லை.

வந்தவர் பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு மேஜை மேல் கை வைத்தார். அவர் பார்வை அந்த முகத்திலிருந்து தலைக்குப் போய்விட்டு மறுபடி முகத்துக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"வீட்டுல ஏதாவது துக்கமா சார்?"

வரவேற்பாளர் இல்லை என்று தலையாட்டப் பார்த்தார். ஆட்டினால் வலிக்கும். வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும் போலிருந்தது. அதற்குள் வந்தவரே, "பரவாயில்ல, பரவாயில்ல, நீங்க சிரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மெல்ல அந்தப் பெண்ணின் பக்கமாக நகர்த்திக்கொண்டு போனார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, வாங்க சார் என்று சொல்லி, அறை எண்ணையும் காலைச் சாப்பாட்டு நேரத்தையும் சொல்லி, கார்டை நீட்டினாள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. லிஃப்டுக்குப் போகும்போது அந்த மனிதர் திரும்பி வரவேற்பாளரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மேலாளரின் அறைக்கதவு திறந்தது. அவர் சத்தமில்லாமல் வந்து, வரவேற்பாளரின் முழங்கையை லேசாகத் தொட்டார். "உள்ள போய்க் கொஞ்சம் உக்காருங்க சார்" என்றார். "அப்புறமாப் பாத்துக்கலாம்." எப்போது என்று வரவேற்பாளர் கேட்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்த தொப்பியை எடுக்க வேண்டும். குனிய முடியாது. முழங்காலை மடக்கி, முதுகு நேராக இருக்க உட்கார்ந்து, கையால் துழாவி எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தபோதுதான் பார்த்தார். அவர் நின்ற இடத்துக்கு முன்னால் பளபளப்பான கறுப்புக் கல்லில் சின்னச் சின்னதாகச் சில முடிகள் கிடந்தன. கறுப்பில் கறுப்பு, விளக்கு சாய்வாகப் பட்டதால் தெரிந்தது. கொட்ட ஆரம்பித்துவிட்டது. இதுவும் நார்மல்தான்.

முன்பதிவு அறைக்குப் போகும் வழியில் ஓர் ஊசல் கதவு இருக்கிறது. அதைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவருடைய தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது. மேஜையில் அந்தப் பெண் அவர் நின்ற இடத்துக்கு வந்து, எதையோ கவனித்து, வாயைக் குவித்து மெல்ல ஊதினாள். பிறகு அடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பில் துடைத்தாள். வாசலில் கேப்டன் கதவைத் திறந்தார். அவள் துணியை மறைத்து வைத்துவிட்டு, நிமிர்ந்தாள்.